பினாங்கில் ஐந்து இரவு: கார் இல்லாமல், அம்மாவுடன், பஸ்ஸிலேயே சுற்ற முடியுமா?

மலைக்கோட்டை வாசி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். பிப்ரவரியில், தைப்பூசம் முடிந்த மறுவாரம், பினாங்கு போகிறோம். நான், மனைவி, ஒன்பது வயதுப் பையன், அம்மா. அம்மாவுக்கு 67 வயது. முழங்கால் வலி உண்டு, ஆனால் அவசரப்படுத்தாவிட்டால் நடப்பார். திருச்சியிலிருந்து கோலாலம்பூர் வரை விமானம், அங்கிருந்து ரயில்.

கார் வாடகைக்கு எடுக்கப்போவதில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கமே காரை எடுக்கப் பயப்படுகிற ஆள் நான். பத்து ஃபெரிங்கி கடற்கரையில் நல்ல அறை ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. அங்கேயே ஐந்து இரவும் தங்கி, தினமும் பஸ்ஸில் ஜார்ஜ் டவுன் வந்து போகலாமா?

அம்மாவுக்குத் தண்ணீர்மலை முருகனைப் பார்க்க வேண்டும். பையனுக்கு மலை ரயில். எனக்கு கெக் லோக் சி கோயிலும் பழைய தெருக்களும். மனைவிக்கு எங்கேயாவது ஓர் இடத்தில் சும்மா உட்கார வேண்டுமாம்.

---

பழைய ஜெட்டி

வாங்க தம்பி. நான் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன், இப்போது ஓய்வில் இருக்கிறேன், கார் ஓட்டுவதை விட்டு ஆறு வருஷம் ஆகிறது. பஸ்ஸில் சுற்ற முடியும். ஆனால் ஐந்து இரவும் ஃபெரிங்கியில் தங்காதீர்கள்.

பஸ் ஏன் இப்படி ஓடுகிறது என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. இந்தத் தீவுக்கு நடுவில் மலை. ரோடெல்லாம் கிழக்குப் பக்கம் ஜெட்டியில் (ஃபெரி வந்து சேரும் படகுத்துறை) தொடங்கி, கொம்தார் கோபுரத்தின் அடியில் கூடி, அங்கிருந்து விரல் மாதிரி பிரிகிறது. ஒரு விரலிலிருந்து பக்கத்து விரலுக்கு நேராகத் தாவ முடியாது, பெரும்பாலும் கொம்தாருக்குத் திரும்பி வந்துதான் மாற வேண்டும். ஃபெரிங்கி வடக்கு விரலின் நுனிக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது. அங்கே தங்கி மலை ரயிலுக்குப் போவதென்றால், முதலில் முக்கால் மணி நேரமோ ஒரு மணி நேரமோ கொம்தாருக்கு, அப்புறம் ஆயர் ஈத்தாமுக்கு இன்னொரு பஸ். மாலையில் இதே பாடு திரும்ப. அம்மாவின் கால் தாங்காது.

எண்ணைப் பார்த்தாலே திசை தெரியும். 100 வரிசை வடக்குக் கடற்கரை. 200 வரிசை ஆயர் ஈத்தாம், கொடிமலை (மலை ரயில் ஏறும் மலை). 300, 400 தெற்கே பாயான் லெப்பாஸ், விமான நிலையம். 500 மலைக்குப் பின்னால் இருக்கும் பாலிக் பூலாவ் பக்கம். எங்கள் காலத்தில் எண்ணைப் பார்க்கக்கூட வேண்டாம், நிறம் போதும். நீல பஸ் வடக்கே, பச்சை பஸ் ஆயர் ஈத்தாம், மஞ்சள் பஸ் தெற்கே. ஒவ்வொன்றும் ஒரு தனியார் கம்பெனி. 2007இல் ரேபிட் பினாங்கு என்ற பஸ் நிறுவனம் வந்த பிறகு எல்லாம் ஒரே குடைக்குள் வந்தது. நீல பஸ்ஸின் பழைய டிப்போவில் இப்போது ஓவியக் கண்காட்சி நடக்கிறது. என் அப்பா டிராலி பஸ்ஸில் போனவர், தலைக்கு மேலே மின்கம்பி போட்டு ஓடும் பஸ். 1961இல் நிறுத்தினார்கள். சரி, கதையை விடுவோம்.

மூன்று இரவு டவுன், இரண்டு இரவு கடற்கரை. அதுதான் என் கணக்கு.

---

கிராப் கட்சி

நான் கே.எல். (கோலாலம்பூர்) காரன், பினாங்குக்கு அடிக்கடி போகிறவன். சுருக்கமாகச் சொல்கிறேன்: நான்கு பேர் என்றால் பஸ் கணக்கு உதைக்கும்.

பஸ் கட்டணம் தூரத்துக்குத் தக்கபடி 1.40இல் தொடங்கி 4 வெள்ளி வரை. ஊருக்குள் ஒரு சின்னப் பயணத்துக்கு நால்வருக்கு 5.60 வெள்ளி. (இந்தியாவிலிருந்து வாசிப்பவர்களுக்கு: இங்கே ரிங்கிட்டைத் தமிழில் வெள்ளி என்போம்.) அதே தூரத்துக்கு கிராப் (செல்பேசிச் செயலியில் கூப்பிடும் டாக்சி) கிட்டத்தட்ட அவ்வளவுதான் கேட்கும், வாசலுக்கு வரும், ஏசியும் உண்டு. விடுமுறைக்கு வந்துவிட்டு வெயிலில் பஸ் எங்கே என்று எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டுமா?

---

ஜன்னலோர இருக்கை

மேலே சொன்னவருக்கு: ஊருக்குள் நீங்கள் சொல்வது சரி. ஆனால் ஊரைத் தாண்டினால் கணக்கு மாறும். ஜார்ஜ் டவுனிலிருந்து ஃபெரிங்கிக்கு பஸ்ஸில் தலைக்கு 2.70, நால்வருக்கு 11 வெள்ளிக்குள். கிராப் அதைப் போல இரண்டு மடங்கோ அதற்கு மேலோ ஆகும், மழை பிடித்தால் கேட்கவே வேண்டாம்.

அப்புறம் காசு மட்டும்தான் கணக்கா? ஃபெரிங்கி போகும் 101இல் வலது பக்க ஜன்னலில் உட்கார்ந்து போய்ப் பாருங்கள். தஞ்சோங் பூங்கா என்ற ஊரைத் தாண்டியதும் ரோடு மலையின் இடுப்பில் ஏறுகிறது, கீழே பாறையும் கடலும். காரில் போகிறவனுக்குத் தடுப்புச் சுவர்தான் தெரியும். பஸ்ஸின் உயரத்தில் அதற்கு மேலே பார்க்கலாம்.

---

மூன்றாவது ஷிப்டு

நான் மதுரைக்காரன், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் நாலு வருஷமாக வேலை. வார நாளில் பஸ்ஸில் போகிறவன் என்ற முறையில் இரண்டு விஷயம்.

முதலாவது, நேரம். மாலை ஐந்து முதல் ஏழரை வரை தெற்குப் பக்கம் எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். தொழிற்பேட்டை விடும் நேரம், பாலத்துக்குப் போகிற வண்டியும் அதே ரோட்டில் சேரும். 401இ (401E) விமான நிலையத்துக்குப் போகும் பஸ்தான், கட்டணமும் கம்மிதான், ஆனால் அந்த நேரத்தில் அதை நம்பி விமானம் பிடிக்கக் கிளம்பினால் வயிற்றில் புளி கரைக்கும்.

இரண்டாவது, ஒருவழித் தெரு. ஜார்ஜ் டவுனில் பாதித் தெரு ஒருவழி. நம்ம ஊரில் இறங்கின இடத்துக்கு எதிர்ப்பக்கம் நின்றால் திரும்பும் பஸ் வரும். இங்கே வராது. அது வேறு தெரு வழியாகப் போய்க்கொண்டிருக்கும். வந்த புதிதில் சூலியா தெருவில் எதிர்ப்பக்கம் போய் நாற்பது நிமிஷம் நின்றேன். கடைசியில் ஒரு நாசி கண்டார் சாப்பாட்டுக் கடைக்காரர் வெளியே வந்து, "என்ன தம்பி, வராத பஸ்ஸுக்கு நிக்கிறீங்க?" என்று தமிழிலேயே கேட்டார். மானம் போனது. தெரியாவிட்டால் நேராகக் கொம்தாருக்கோ ஜெட்டிக்கோ நடந்துவிடுங்கள், டவுன் பஸ்ஸெல்லாம் பெரும்பாலும் அங்கே வந்துதான் தீரும்.

---

மலைக்கோட்டை வாசி

நன்றி, எல்லோருக்கும். மூன்று + இரண்டு என்று அறையை மாற்றிவிட்டேன். டவுனில் லிட்டில் இந்தியா பக்கம். இன்னும் சில கேள்விகள்: தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த் ஸ்டேஷனில் இறங்கி நால்வர், மூன்று பெட்டியோடு ஃபெரியில் போக முடியுமா, இல்லை டாக்சி எடுத்துப் பாலம் வழியாகப் போவது நல்லதா? பஸ்ஸில் டிக்கெட் எப்படி எடுப்பது, கண்டக்டர் உண்டா?

---

சிங்கை நடை

கண்டக்டர் கிடையாது. முன்வாசலில் ஏறி, போகும் இடத்தை ஓட்டுநரிடம் சொல்ல வேண்டும். அவர் தொகையைச் சொல்வார், உண்டியலில் போட வேண்டும். சில்லறை தரமாட்டார்கள். 2.70க்கு 5 வெள்ளித் தாளைப் போட்டால் 2.30 தர்மம். சிங்கப்பூரில் அட்டையைத் தட்டியே பழகியதால் முதல் நாள் நான் 10 வெள்ளித் தாளோடு ஏறிவிட்டேன், பின்னால் நின்ற ஒரு சீனப் பாட்டி மாற்றித் தந்தார். வந்து இறங்கியதும் ஒரு கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கி 1 வெள்ளித் தாளும் 10, 20, 50 காசும் சேர்த்து ஒரு தனிப் பையில் போட்டு வையுங்கள். அந்தப் பையைப் பையனிடம் கொடுத்துவிடுங்கள், சந்தோஷமாகக் கணக்குப் பார்ப்பான்.

---

பழைய ஜெட்டி

ஃபெரியிலேயே வாருங்கள். ரயில் ஸ்டேஷன், பினாங்கு சென்ட்ரல் பஸ் நிலையம், ஃபெரி மூன்றும் மேம்பாதையால் இணைந்தவை. மழையில் நனையாமல் பெட்டியை உருட்டிக்கொண்டே வரலாம். பெரியவர்களுக்கு 2 வெள்ளி. இதற்கு டச் அண்ட் கோ அட்டையோ வங்கி அட்டையோ வேண்டும், பஸ் மாதிரி சில்லறை எடுக்காது. ஆக பஸ்ஸுக்குச் சில்லறை, ஃபெரிக்கு அட்டை. இந்தக் குழப்பத்துக்கு என்னிடம் விளக்கமில்லை.

பழைய ஃபெரி மேலே ஆள், கீழே கார் என்று ஆடி அசைந்து இருபது நிமிஷம் எடுக்கும். அப்போது பட்டர்வொர்த்திலிருந்து வரும்போது மட்டும் காசு, தீவை விட்டுப் போவதற்கு இலவசம். மாமியார் வீட்டுக்குப் போகக் காசு, தப்பித்து வரக் காசில்லை என்று கேலி பேசுவோம். 2021 பிறந்ததும் கார் ஏற்றுவது நின்றது. 2023 ஆகஸ்டில் புதுப் படகுகள் வந்தன, ஆளும் இருசக்கர வண்டியும் மட்டும். அரை நேரத்தில் கொண்டுவந்து விட்டுவிடும். பழைய படகில் கம்பியைப் பிடித்து நின்றால் முகத்தில் அடிக்குமே ஒரு காற்று, அதைத்தான் காணோம்.

ரயில் டிக்கெட்டை இன்றே எடுங்கள். கே.எல். சென்ட்ரலிலிருந்து இ.டி.எஸ். (வேக மின்ரயில்) ஏறத்தாழ நாலு மணி நேரம். சீனப் புத்தாண்டு நெருங்கினால் இடமே இருக்காது.

ஜெட்டியில் இறங்கியதும் பஸ் நிலையம் பக்கத்திலேயே. கேட் (CAT) பஸ் என்று ஒன்று ஜெட்டிக்கும் கொம்தாருக்கும் நடுவில் பழைய நகரத்தைச் சுற்றி வரும், இலவசம். கூட்டம் இருக்கும், பெட்டியோடு ஏறாதீர்கள். மற்ற நேரத்தில் அம்மாவுக்கு அதுதான் ரதம்.

---

கிராப் கட்சி

மூன்று பெட்டியோடு ஜெட்டியிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு என்ன செய்வார்கள்? கிராப்தான். நான் ஜெயித்தேன்.

---

பழைய ஜெட்டி

அந்த ஒரு பயணம் உங்களுக்கு, தம்பி.

இப்போது கோயில். 10ஆம் எண் பஸ் ஜெட்டியிலிருந்து கொம்தார் வழியாகத் தாவரவியல் பூங்காவுக்குப் போகிறது, தண்ணீர்மலை அந்த வழியில்தான். ஆனால் அது அடிக்கடி வருகிற பஸ் இல்லை. போகும்போது பஸ், வரும்போது எது கிடைக்கிறதோ அது என்று வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமானது, மேலே பாலதண்டாயுதபாணி சந்நிதிக்கு 513 படி. அம்மாவிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். காலை ஏழு மணிக்கு ஏறத் தொடங்கினால் வெயிலுக்கு முன் இறங்கலாம். தைப்பூசம் முடிந்து வருவதும் நல்லதுதான். தேர் ஓடும் நாள்களில் அந்தப் பக்கம் ரோடை அடைத்துவிடுவார்கள், பஸ்ஸெல்லாம் சுற்றி விடுவார்கள். தேர் பார்க்க வருகிறவர்கள் பஸ்ஸை மறந்துவிட்டு நடக்க வேண்டியதுதான்.

---

ஜன்னலோர இருக்கை

மலை ரயிலுக்கு 204. அது நேராகக் கீழ் ஸ்டேஷன் வாசலிலேயே போய் முடிகிறது, இறங்கி ஏற வேண்டிய தொல்லையில்லை. 1923இல் ஓடத் தொடங்கிய ரயில். முன்பு நடு ஸ்டேஷனில் வண்டி மாறி, அரை மணி நேரம் உருண்டு போகும். 2011இல் புதுப்பித்த பிறகு ஒரே மூச்சில் ஏறிவிடுகிறது. வெளிநாட்டினருக்குப் போக வர 30 வெள்ளி, அதைப் பார்த்து அதிர்ச்சி அடைய வேண்டாம். சனி, ஞாயிறு தவிருங்கள். சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு இறங்கலாம் என்று எல்லோருமே நினைப்பார்கள், அப்போது இறங்குவதற்கு நீள வரிசை. இறங்கி வந்தால் இருட்டில் பஸ்ஸுக்குக் காத்திருப்பு. காலையிலேயே போய்விட்டு, மதியம் அதே பக்கத்தில் ஆயர் ஈத்தாமில் கெக் லோக் சி பார்த்துவிடலாம். இரண்டும் 200 வரிசை விரலில்தான்.

சீனப் புத்தாண்டை ஒட்டி ஏறத்தாழ ஒரு மாதம் கெக் லோக் சி முழுக்க விளக்கு போடுவார்கள். அந்த நாளில் போவதாக இருந்தால் மாலையில் ஆயர் ஈத்தாம் ரோடு அசையாது. பஸ்ஸும் சரி, கிராப்பும் சரி, ஒரே கதிதான்.

இனி என் சொந்தப் பரிந்துரை. குடும்பத்தோடு வேண்டாம், ஒரு நாள் நீங்கள் மட்டும் கழன்றுகொள்ள முடிந்தால். தீவை முழு வட்டமாக பஸ்ஸில் சுற்றலாம். 101இல் கடைசி நிறுத்தம் தெலுக் பஹாங், தேசியப் பூங்கா வாசல். அங்கிருந்து 501 பாலிக் பூலாவுக்கு. பாலிக் பூலாவிலிருந்து 401இ தெற்கு வழியாகவோ, 502 மலை ரோட்டில் பாயா தெருபோங் வழியாகவோ ஜெட்டிக்குத் திரும்பலாம்.

சிக்கல் 501இல். நாளுக்குச் சில முறைதான் அது ஓடும். நான் போன அன்று 101இல் தூங்கிவிட்டேன், விழித்து இறங்குவதற்குள் 501 என் கண்ணெதிரே கிளம்பிப் போனது. என் தப்புதான். தெலுக் பஹாங்கில் அடுத்த பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தேன். மீனவர் படகுத்துறை வரை நடந்து பார்த்தேன், திரும்பி வந்து ஜாதிக்காய்ச் சாறு குடித்தேன். பஸ் வந்தபோது என்னோடு ஏறியவர்கள் பள்ளிக்கூடச் சீருடையில் இரண்டு பிள்ளைகளும் ஒரு கோழிக்கூண்டோடு ஒரு பெரியவரும் மட்டுமே. அணைக்கட்டு தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, மறுபக்கம் இறங்கும்போது கீழே வயலும் கம்போங் (கிராமத்து) வீடுகளும் தெரியும். இதே தீவில்தான் கொம்தார் இருக்கிறது என்று நம்ப முடியாது. எனக்குப் பினாங்கு என்றால் அந்த அரை மணி நேரம்தான்.

---

மூன்றாவது ஷிப்டு

501ஐப் பற்றி இவ்வளவு உருகி எழுதுபவரை முதல் முறையாகப் பார்க்கிறேன். நாங்கள் அதைப் பிடிக்க முடியாமல் திட்டத்தான் செய்வோம்.

கொம்தாரையும் தெற்கையும் இணைக்க ரயில் வருகிறது, 2025 ஜனவரியில் வேலை தொடங்கியாயிற்று. கடல் தாண்டிப் பினாங்கு சென்ட்ரல் வரைக்கும் போகுமாம்.

---

பழைய ஜெட்டி

வரட்டும். ஆனால் அது தெற்குக்கும் அக்கரைக்கும். ஃபெரிங்கிக்குப் போகிறவனுக்கு 101தான்.

---

மலைக்கோட்டை வாசி

போய் வந்தாயிற்று. கடன் வைக்கக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

ஃபெரி: அம்மாவுக்கு அதுதான் மொத்தப் பயணத்திலும் பிடித்தது. "இதுக்கு இன்னொரு டிக்கெட் எடுத்தா மறுபடி போலாமா?" என்றார். மூன்றாம் நாள் மாலை வேலையில்லாதபோது சும்மா பட்டர்வொர்த் போய்த் திரும்பி வந்தோம். மனைவி கேட்ட "சும்மா உட்காரும் இடம்" அதுவாகவே ஆனது.

மலை ரயில்: செவ்வாய் காலை, 204. எட்டரைக்கே போய்விட்டதால் வரிசை சின்னது. கெக் லோக் சியில்தான் நான் சறுக்கினேன். மலையிலிருந்து இறங்கி, பஸ் வரும்வரை பொறுக்காமல், வரைபடத்தில் பக்கம்தானே என்று நடக்கத் தொடங்கினேன். மத்தியான வெயில், நடைபாதை பாதி இடத்தில் இல்லை, இருந்த இடத்தில் மோட்டார் சைக்கிள். கால் மணி நேரத்தில் அம்மா ஒரு கடை வாசலில் உட்கார்ந்துவிட்டார். கிராப் கூப்பிட்டேன். கிராப் கட்சிக்கு இரண்டாவது வெற்றி. ஜார்ஜ் டவுனிலும் இதே கதைதான், அஞ்சடியில் (கடைகளின் முன்னால் கூரைக்கு அடியில் போகும் நடைபாதை) நிழல் உண்டு, ஆனால் ஒவ்வொரு கடைக்கும் ஒரு படி ஏறி இறங்க வேண்டும். முழங்கால் வலிக்காரர்களை அழைத்து வருகிறவர்கள் பஸ் நேரத்தைவிட இதைக் கவனிக்க வேண்டும். பஸ்ஸில் அம்மாவுக்கு ஒரு தடவைகூட நிற்க வேண்டி வரவில்லை, ஏறியதுமே யாராவது எழுந்துவிடுவார்கள்.

தண்ணீர்மலை: 513 படியை அம்மா ஒன்றரை மணி நேரத்தில் ஏறினார். எண்ணிக்கொண்டே வந்த பையனுக்கு 509தான் வந்தது, அதில் இன்னும் தகராறு ஓடுகிறது. திரும்பும்போது 10ஆம் எண் பஸ்ஸுக்கு இருபது நிமிஷம் நின்றோம், வந்துவிட்டது.

ஃபெரிங்கிக்கு 101இல் பெட்டிகளோடு ஏறினோம், அது தப்பு. மாலை நேரம், நிற்கவே இடமில்லை, பெட்டி ஒவ்வொரு வளைவுக்கும் உருண்டு ஒருவர் காலில் இடித்தது. நாலு பேரிடமாவது மன்னிப்புக் கேட்டிருப்பேன். இடம் மாறும் நாளில் மட்டும் காரில் போங்கள்.

501க்கு நேரம் வரவில்லை. தெலுக் பஹாங் வரை போய், அது நிற்கும் இடத்தைப் பார்த்துவிட்டு மட்டும் வந்தேன்.

பையனின் சில்லறைப் பையில் 3 வெள்ளி 60 காசு மீதி. மார்ச்சுக்குள் யாராவது திருச்சியிலிருந்து போகிறீர்களா? தந்துவிடுகிறேன். நான்கு பேருக்கு ஆகாது, இரண்டு பேர் ஜெட்டியிலிருந்து கொம்தார் தாண்டி ஒரு முறை போகலாம்.

---

சிங்கை நடை

ஜெட்டி–கொம்தாருக்குக் காசே வேண்டாமே, கேட் பஸ் இருக்கிறதே! நான் மார்ச் 10 திருச்சிக்கு வருகிறேன், பையனிடம் சொல்லி வையுங்கள்.